கலெக்டரின் அறிக்கைக்கு அரசே ஆட்சேபணையா? – சட்டத் துறை, சுற்றுச்சூழல் துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர்கள் இருவருக்கும்,

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அரசுக்காக ஆஜராகும் வழக்கறிஞர்களுக்கு நீங்கள் கூட்டாக அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். இரண்டே பத்திதான். தீர்ப்பாயம் அமைக்கும் கூட்டுக் குழு எந்த அறிக்கை கொடுத்தாலும் அரசுத் தரப்பு முதலில் அதற்கு ஆட்சேபணை மனு போட்டுவிட வேண்டும் என்கிறது முதல் பத்தி. துறையின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தக் குறைபாட்டையும் மன்றத்தில் ஒப்புக்கொள்ளக் கூடாது என்கிறது இரண்டாவது. இரண்டாவது பத்தியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதல் பத்தியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் வழக்கறிஞர் பட்டியலில் பதினோரு வருடம் இருந்தவள். விலகல் கடிதம் கொடுத்து, வழக்குக் கட்டுகளையெல்லாம் ஒப்படைத்து, ரசீதும் வாங்கியாகிவிட்டது. என் கட்சிக்காரரான அரசு என்னிடம் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லும் உரிமை எனக்கு இன்றைக்கும் கிடையாது. இந்த மடலில் எந்த ஊர், எந்த ஆலை, எந்த அதிகாரி என்று தேடினால் கிடைக்காது. திறந்த மன்றத்தில், எல்லார் காதிலும் விழுந்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். சுற்றறிக்கையும் ரகசியம் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதை வாங்கி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் போன வாரம் மன்றத்திலேயே வாசித்துக் காட்டிவிட்டார். பின் வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கூட்டுக் குழு என்றால் யார்? பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர், மத்திய வாரியத்தின் விஞ்ஞானி ஒருவர், நீர்வளத் துறையிலிருந்து ஒருவர். மத்திய வாரியத்துக்காரரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் நம் ஆட்கள். நம் ஜீப்பில் போய், நம் ஆய்வகத்தில் சோதித்து, நம் முத்திரை போட்டுக் கொடுத்த அறிக்கை அது. அதற்கு நாமே ஆட்சேபணை போடுவது என்றால், கலெக்டர் பொய் சொல்கிறார் என்று அரசே மனு போடுவதாகத்தானே அர்த்தம்?

இந்தச் சுற்றறிக்கைக்கு நானும் ஒரு காரணமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஓர் ஏரி வழக்கு. கழிவுநீர் கலக்கிறது என்று அந்தப் பகுதிக்காரர் ஒருவர் போட்ட மூல மனு. பத்தரைக்கு மன்றம் கூடும். நகராட்சியின் பதில் மனு பத்தே காலுக்கு என் வாட்ஸாப்பில் வந்து விழுந்தது. ஏழு பக்கம். நான்காம் பத்தி, சுத்திகரிக்கப்படாத ஒரு சொட்டு நீர்கூட ஏரியில் விடப்படவில்லை என்றது. அதே கட்டில், எனக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்ட கூட்டுக் குழு அறிக்கையும் இருந்தது. மூன்று இடங்களில் கழிவுநீர் நேராக ஏரிக்குள் இறங்குகிறது, சுத்திகரிப்பு நிலையத்தின் பம்பு பழுது என்று அதில் இருக்கிறது. இணைப்பில் ஒரு போட்டோ: குழாய் வாய்க்குப் பக்கத்தில் வருவாய்த் துறை அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். பின்னால் வாரியத்துப் பொறியாளர் குனிந்து பாட்டிலில் நீர் பிடிக்கிறார்.

நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கோபப்படவில்லை. “இதில் அரசு எது, மேடம்? மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவரா, நான்காம் பத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சுற்றறிக்கைப்படி, குழுவின் அறிக்கை ஏற்கத்தக்கதல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: “அறிக்கையில் இருப்பதுதான் கள நிலவரம். பதில் மனுவைத் திரும்பப் பெற அனுமதி வேண்டும்.” அனுமதி கிடைத்தது. பம்பைச் சரிசெய்ய நான்கு வாரம் கெடுவும் கிடைத்தது. அபராதம் ஒரு ரூபாய்கூட விழவில்லை. பதினைந்தாம் நாள் எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது.

என் பக்கம் தப்பே இல்லை என்று சாதிக்கவில்லை. கட்சிக்காரரின் அறிவுறுத்தல் இல்லாமல் வழக்கறிஞர் உண்மை விவரங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விதிப்படி நான் வாய்தா கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் உங்கள் இரண்டாம் பத்தியோடு சண்டை இல்லை என்றேன். ஆனால் அறிவுறுத்தல் வேண்டுமென்றால் அறிவுறுத்த ஆள் வேண்டாமா? அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான்கு பேருக்குப் போன் போட்டேன். ஒருவர் ஆய்வுக் கூட்டத்தில். ஒருவர் விடுப்பில். ஒருவர் எடுக்கவில்லை. நான்காமவர், “மேடம், போன வருஷப் பதில் மனுல தேதியை மட்டும் மாத்திப் போட்டோம், பார்த்துச் சமாளிங்க” என்றார்.

‘சமாளிங்க.’ பதினோரு வருடத்தில் நான் அதிகம் பெற்ற அறிவுறுத்தல் இதுதான்.

சிவில் கோர்ட்டில் நில வழக்குக்கு ஆஜராகும் அரசு வழக்கறிஞர் சமாளிக்கலாம். அங்கே அரசு ஒரு தரப்பு, அவ்வளவுதான். சுற்றுச்சூழல் வழக்கில் அப்படி இல்லை. ஆறும் ஏரியும் கடற்கரையும் அரசின் சொத்து அல்ல, மக்களுக்காக அரசு அறங்காவலராக நின்று வைத்திருப்பவை என்று கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சுற்றுச்சூழலை அரசு காக்க வேண்டும் என்று சொல்லும் அரசமைப்பின் 48ஏ பிரிவு அதற்கும் இருபது வருடம் மூத்தது. அறங்காவலர் கோயில் நகையைத் தொலைத்துவிட்டால், தொலைந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொலையவே இல்லை என்று வாதாட ஒரு வழக்கறிஞரை அமர்த்தினால் அந்த வழக்கறிஞர் யாருக்காக நிற்கிறார்?

அந்த ஏரிக் கரையில் குடியிருப்பவர்களும் இந்த அரசின் ஆட்கள்தான். மனுதாரர் எதிரி அல்ல. இதை நான் மன்றத்துக்கு வெளியே, தேநீர் நேரத்தில் அதிகாரிகளிடம் சொல்லும்போதெல்லாம் தலையாட்டுவார்கள். அடுத்த பதில் மனுவில் மறுபடியும் ‘மனுதாரர் உள்நோக்கத்துடன்’ என்று தொடங்கும். யார் அந்த வரியை முதலில் எழுதினார்களோ, அது தலைமுறை தலைமுறையாக வெட்டி ஒட்டப்பட்டு வருகிறது.

உண்மையை மறுப்பதால் அரசுக்குப் பணம் மிச்சமாகிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. திடக்கழிவு வழக்கில் 2020 ஜனவரியில் தீர்ப்பாயம் என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். கெடுவுக்குள் விதிகளை நிறைவேற்றாத உள்ளாட்சிக்கு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை இருந்தால் மாதம் 10 லட்சம் ரூபாய், ஐந்து முதல் பத்து லட்சம் வரை என்றால் 5 லட்சம், மற்றவற்றுக்கு 1 லட்சம் என்று இழப்பீடு விதித்தது. சிவில் நடைமுறைச் சட்டம் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயத்தின் 2010-ம் வருடச் சட்டம், 19-ம் பிரிவில் சொல்கிறது. நாம் பதில் மனுவில் ‘இல்லை’ என்று மறுத்தால் அதற்காக சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஒரு குழுவை அனுப்பிப் பார்த்துவிட்டு வரச் சொல்லும். குழு பார்த்துவிட்டு வந்ததும் நாம் சொன்ன ‘இல்லை’ செல்லாக்காசு. அதற்கு மேல் நாம் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அடுத்த வழக்கில் நிஜமாகவே நம் பக்கம் நியாயம் இருக்கும்போதும் நம்ப மாட்டார்கள். அந்த நம்பகத்தன்மைதான் அரசு வழக்கறிஞரின் ஒரே முதலீடு. சுற்றறிக்கை அதைச் செலவழிக்கச் சொல்கிறது.

உழைத்தால் இந்த வேலையில் ஜெயிக்கவும் முடியும். தூத்துக்குடி தாமிர உருக்காலை வழக்கைப் பாருங்கள். 2018 மே மாதம் மூடல் உத்தரவு. அந்த டிசம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் மூடலை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கிட்டத்தட்ட ஆறு வருடம். நாட்டின் மிகப் பெரிய வழக்கறிஞர்கள் எதிரில் நின்ற வழக்கு அது. தாமிரக் கழிவு எங்கெங்கே கொட்டப்பட்டது, எந்த அனுமதி எப்போது காலாவதியானது என்று காகிதம் காகிதமாக எடுத்து வைத்ததால்தான் அது நின்றது. அந்த அளவு தயாரிப்பு கவனம் விழும் வழக்குக்கு மட்டும்தான் கிடைக்கிறது. டி.வி. கேமரா வராத மற்ற வழக்குகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு நான் தோற்ற ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

ஒரு சாயப் பட்டறை. நீர் மாசைத் தடுப்பதற்கான நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் வாரியம் மூடச் சொன்னது. பட்டறை மேல்முறையீட்டுக்கு வந்தது. வாரியத்தின் வழக்கறிஞர் பதவி அப்போது காலியாக இருந்ததால் வாரியத்துக்கும் நானே ஆஜர். கழிவுநீர் கறுப்பாக ஓடியதை ஊரே பார்த்திருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாதிரி எடுத்த பாட்டிலின் சீட்டைக் காட்டச் சொன்னார். எடுத்தது வெள்ளிக்கிழமை மாலை 4.20. ஆய்வகத்தில் பதிவானது திங்கள் காலை 11. ஐஸ் பெட்டியில் வந்ததா? பதிவு இல்லை.

நீரில் உள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவை, அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை, 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பது நம் நாட்டு முறை. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். மாதிரியை உடனே குளிரில் வைத்து, சீக்கிரம் சோதனையைத் தொடங்க வேண்டும். பாட்டிலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் சனி ஞாயிறு லீவு எடுப்பதில்லை. அழுக்கைத் தின்றுகொண்டே இருக்கும். அதாவது தாமதத்தால் முடிவு குறைத்துக் காட்டுமே தவிர, பட்டறைக்குப் பாதகமாகப் போக வாய்ப்பில்லை. இதை நான் வாதாடினேன். அதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நீர்ச் சட்டத்தின் 21-ம் பிரிவு சொல்கிறது: சோதனைக்கு எடுக்கப் போகிறோம் என்று அந்த இடத்திலேயே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டு பாட்டிலிலும் முத்திரை வைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும், உரிமையாளரோ அவருடைய ஆளோ வேண்டுமென்றே வராமல் ஒதுங்கினால் அதையும் அரசுப் பகுப்பாய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அந்த முடிவு சாட்சியமாகாது. நம் சீட்டில் ஒரு கையெழுத்துதான் இருந்தது. ஒதுங்கிவிட்டார் என்ற குறிப்பும் எங்கேயும் இல்லை. மூடல் உத்தரவு ரத்து.

வெளியே வந்ததும் மாதிரி எடுத்த உதவிப் பொறியாளரிடம் கேட்டேன். “மானேஜர் கையெழுத்துப் போட மாட்டேன்னு கதவைச் சாத்திட்டாரு மேடம். அதை எழுதணும்னு யாரும் சொல்லலை” என்றார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. லீகல் சாம்பிள் எப்படி எடுப்பது என்று அவருக்கு ஒரு நாள்கூட வகுப்பு நடந்ததில்லை. ஐஸ் பெட்டி அலுவலகத்துக்கு ஒன்று. அன்றைக்கு அது வேறு தாலுகாவில் இருந்தது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரை நான் முதன்முதலாகப் பார்த்ததே தீர்ப்பு நாளில்தான். முதல் நாளே பார்த்திருந்தால் மறுபடியும் மாதிரி எடுக்கச் சொல்லியிருப்பேன்.

அந்த ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் வராந்தாவில் நின்றிருந்தார்கள். ஒரு பெரியவர், “அம்மா, தண்ணி கறுப்புன்னு அவங்களும் இல்லைங்கலையே, அப்புறம் எப்படித் தோத்தோம்?” என்று கேட்டார். பாட்டில், சீட்டு, கையெழுத்து என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கையெழுத்து இல்லாததால தண்ணி சுத்தமாயிடுச்சா?” என்றார்.

கெடு விஷயமும் இதே கதைதான். தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போக 90 நாள். நம் கோப்பு பிரிவிலிருந்து சார்புச் செயலாளருக்குப் போய், அங்கிருந்து சட்டத் துறைக்குப் போய், கருத்துக் கேட்டு என்னிடம் வந்து, நான் எழுதியது திரும்பிப் போய்ச் சேரும்போது அந்த 90 நாள் போயே போயிருக்கும். அரசாங்கக் கோப்பு மெதுவாகத்தான் நகரும் என்ற சாக்கை இனி ஏற்க மாட்டோம் என்று 2012-ல் அஞ்சல் துறை வழக்கில் 427 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் நிராகரித்ததை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நகர்வு மட்டும் மாறவில்லை.

ஆட்சி மாறினால் எங்கள் பட்டியல் முழுதும் மாறும். அதைக் குறை சொல்வதில் பயனில்லை. எனக்கும் அப்படித்தான் இடம் கிடைத்தது, ஒளிப்பானேன். ஆனால் தகுதி பார்க்காமல் அரசு வழக்கறிஞர்களை நியமிப்பது தன்னிச்சையானது என்று 2016-ல் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகாவது, நீர்ச் சட்டத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்தவர்களை இந்தத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம். நான் வந்த புதிதில், முன்னவரிடமிருந்து எனக்குக் கைமாறிய கட்டுகளில் பாதிக்கு மேல் மனுதாரர் தரப்பு நகல்தான் இருந்தது. நம் தரப்பு ஆவணங்களை நான் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் கெஞ்சி ஜெராக்ஸ் எடுத்தேன்.

வேலூர் தோல் ஆலை வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற விதி நம் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. அதே பாலாறு, அதே தோல் ஆலைகள்; 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. நடுவில் 28 வருடம். அந்த ஆறு கெட்டது தீர்ப்பு இல்லாததால் அல்ல.

ஆகவே நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையின் முதல் பத்தியை ரத்து செய்யுங்கள். கூட்டுக் குழு அறிக்கையில் எண் தவறு, இடம் தவறு என்றால் அதைக் குறிப்பிட்டு மனு போடலாம். எடுத்த எடுப்பில் எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை என்பது வேண்டாம். இரண்டாவது பத்தி இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பொறுப்பு அதிகாரியைப் பெயரோடு நியமித்து, விசாரணை நாளில் மன்றத்திலோ போனிலோ அவர் கிடைக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். பதில் மனுவில் கையெழுத்திடுகிறவர் அந்த இடத்தை நேரில் பார்த்த தேதியை அந்த மனுவிலேயே எழுத வேண்டும். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் துறை தரும் பதிலான பத்திவாரிக் குறிப்புகள் விசாரணைக்கு ஏழு நாள் முன்பு வழக்கறிஞர் கைக்கு வராவிட்டால், வராத காரணத்தை வழக்கறிஞர் மன்றத்தில் சொல்லலாம் என்று அனுமதியுங்கள். அதற்காக மெமோ அனுப்பாதீர்கள்.

ஒரே வழக்கில் வாரியத்துக்கும் நகராட்சிக்கும் ஒரே வழக்கறிஞர் ஆஜராவதை நிறுத்துங்கள். கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே கோட்டுக்குள் இருக்க முடியாது. நான் இருந்து பார்த்துவிட்டேன். மாதிரி எடுக்கும் ஒவ்வொரு பொறியாளருக்கும் 21-ம் பிரிவில் ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். பாடம் எடுக்கச் சம்பளம் இல்லாமல் நானே வருகிறேன். அலுவலகத்துக்கு ஒன்று என்பதை ஜீப்புக்கு ஒரு ஐஸ் பெட்டி என்று மாற்றுங்கள். மேல்முறையீடு போகலாமா வேண்டாமா என்ற முடிவு, உத்தரவு நகல் கிடைத்த 30 நாளுக்குள் வர வேண்டும் என்று இரு துறைகளும் சேர்ந்து கெடு வையுங்கள். பட்டியல் மாறும்போது கட்டுகளை ஆவண வரிசையோடு ஒப்படைத்தால்தான் பழைய வழக்கறிஞருக்குக் கடைசிக் கட்டணம் என்று விதி போடுங்கள்.

கடைசியாக, அந்த ஏரி வழக்கு அடுத்த மாதம் மறுபடி பட்டியலில் வருகிறது. எனக்குப் பின் வந்திருப்பவர் இளைஞர், கெட்டிக்காரர். கூட்டுக் குழு அறிக்கைக்கு ஆட்சேபணை மனு தயார் செய்யச் சொல்லி அவருக்கு உத்தரவு போயிருப்பதாக மன்றத்தில் அவரே சொன்னார். அந்த மனு இன்னும் தாக்கலாகவில்லை. தாக்கலாவதற்கு முன் உங்களில் ஒருவர் அந்த மூன்று குழாய் வாய்களையும் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, மனு போடுவதா வேண்டாமா என்று அவருக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினோரு வருடம் உங்களுக்காக ஆஜரான ஒரு வழக்கறிஞர்